பத்தாம் வகுப்புக் கணிதம்: இயற்கணிதம், வடிவியல், புள்ளியியல் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் மீண்டும் மீண்டும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. தெரியாத எண்ணைக் குறிக்க இப்பக்கம் முழுவதும் 'க' என்ற எழுத்தையே பயன்படுத்தியுள்ளோம். தேர்வில் பாடநூலில் உள்ள குறியீடுகளையே எழுதுங்கள்.

சூத்திரங்கள் எல்லாம் மனப்பாடமாகத் தெரிகின்றன. ஆனாலும் கணக்கு வருவதில்லையே, ஏன்?

ஒரு சூத்திரம் எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது என்பதையும் சேர்த்துக் கற்காததே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. பிதாகரஸ் தேற்றம் எல்லா மாணவருக்கும் தெரியும். ஆனால் முக்கோணம் செங்கோண முக்கோணம்தானா என்று பார்க்காமலேயே அதைப் பயன்படுத்தி விடுகிறார்கள். ஒவ்வொரு சூத்திரத்தையும் எழுதிப் பார்க்கும்போது, அதன் அருகிலேயே அது செல்லுபடியாகும் நிபந்தனையையும், அது ஏன் உண்மை என்பதற்கான ஒரு வரிக் காரணத்தையும் எழுதி வைக்கும் பழக்கம் இருந்தால், வினாத்தாளில் கணக்கு வேறு உருவத்தில் வந்தாலும் தடுமாற்றம் வராது. காரணம் தெரிந்த சூத்திரம் மறந்து போனாலும் அதை மறுபடி வருவித்துக் கொள்ள முடியும்.

வாக்கியக் கணக்கைச் சமன்பாடாக மாற்றுவது எப்படி?

முதலில் வினாவில் கேட்கப்பட்டிருப்பது என்ன என்று பார்த்து அதையே 'க' எனக் கொள்ளுங்கள். பிறகு வினாவிலுள்ள மற்ற அளவுகளை 'க'வைக் கொண்டு எழுதுங்கள். கடைசியாக, எந்த இரண்டு அளவுகளை வினா ஒப்பிடுகிறது என்று தேடுங்கள். சமன்பாடு அங்கேதான் கிடைக்கும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 300 கி.மீ. தூரத்தைச் சீரான வேகத்தில் கடக்கும் ஒரு ரயில், மணிக்கு 10 கி.மீ. வேகம் கூடுதலாகச் சென்றிருந்தால் 1 மணி நேரம் முன்னதாகவே சேர்ந்திருக்கும். அதன் வேகம் என்ன? வேகம் மணிக்கு க கி.மீ. எனில், எடுத்துக்கொண்ட நேரம் 300/க மணி. வேகம் கூடியிருந்தால் 300/(க + 10) மணி. இங்கே பலர் தவறுவது கழித்தலின் வரிசையில்தான். வேகம் குறைந்தால் நேரம் கூடும் என்பதால் 300/க என்பதே பெரியது. எனவே

300/க − 300/(க + 10) = 1.

இருபுறமும் க(க + 10) ஆல் பெருக்கிச் சுருக்கினால் க² + 10க − 3000 = 0 கிடைக்கும். இதன் காரணிகள் (க + 60), (க − 50). வேகம் குறை எண்ணாக இருக்க முடியாது என்பதால் க = 50. விடையைச் சமன்பாட்டில் மட்டும் பொருத்திப் பார்க்காமல் வினாவிலேயே பொருத்திப் பாருங்கள்: 50 கி.மீ. வேகத்தில் 6 மணி, 60 கி.மீ. வேகத்தில் 5 மணி, வித்தியாசம் 1 மணி. சமன்பாட்டையே தவறாக அமைத்திருந்தாலும் இந்தச் சோதனை அதைக் காட்டிக் கொடுத்துவிடும். சமன்பாட்டில் பொருத்திப் பார்ப்பது காட்டிக் கொடுக்காது. −60 என்ற விடையை ஏன் நீக்கினோம் என்று ஒரு வரி எழுத மறக்க வேண்டாம்.

இருபடிச் சமன்பாட்டுக்குக் காரணிப்படுத்துதல், வர்க்கப் பூர்த்தி, சூத்திரம் என மூன்று முறைகள் உள்ளனவே, எதைத் தேர்ந்தெடுப்பது?

வினாவிலேயே முறை குறிப்பிடப்பட்டிருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். குறிப்பிடப்படவில்லை என்றால் முதலில் தன்மைகாட்டியை (நடு உறுப்பின் கெழுவின் வர்க்கம் − 4 × வர்க்க உறுப்பின் கெழு × மாறிலி) கணக்கிடுங்கள். கெழுக்கள் முழு எண்களாக இருந்து தன்மைகாட்டி ஒரு முழு வர்க்கமாக அமைந்தால் காரணிப்படுத்த முடியும். இல்லையென்றால் காரணிகளைத் தேடி நேரத்தைச் செலவிடாமல் சூத்திரத்துக்குச் சென்றுவிடலாம்.

வர்க்கப் பூர்த்தி முறையைக் கண்டு மாணவர்கள் அஞ்சுவதற்குக் காரணம் அதில் வரும் பின்னங்கள். பின்னமே வராமல் இதைச் செய்ய ஒரு பழைய வழி இருக்கிறது. இந்தியக் கணித அறிஞர் ஸ்ரீதரர் கூறிய விதி இது. 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டாம் பாஸ்கரர் அதை மேற்கோளாக எடுத்தாண்டதால் நமக்குக் கிடைத்தது. வர்க்க உறுப்பின் கெழுவை நான்கால் பெருக்கி, அந்த எண்ணால் சமன்பாட்டின் இருபுறமும் பெருக்க வேண்டும். பிறகு நடு உறுப்பின் கெழுவினுடைய வர்க்கத்தை இருபுறமும் சேர்க்க வேண்டும்.

2க² − 7க + 3 = 0 என்பதை எடுத்துக்கொள்வோம். 4 × 2 = 8 ஆல் பெருக்கினால் 16க² − 56க + 24 = 0. மாறிலியை மறுபுறம் கொண்டுசென்று 49 ஐச் சேர்த்தால்

16க² − 56க + 49 = 49 − 24

அதாவது (4க − 7)² = 25. ஆகவே 4க − 7 என்பது 5 அல்லது −5; க = 3 அல்லது ½. வலப்புறம் நின்ற 49 − 24 என்பது வேறொன்றுமில்லை, தன்மைகாட்டிதான். அது குறை எண்ணானால் மெய் மூலங்கள் இல்லை என்று ஏன் சொல்கிறோம் என்பதும் இந்த வரியைப் பார்த்தாலே விளங்கிவிடும்: எந்த மெய்யெண்ணின் வர்க்கமும் குறை எண்ணாக முடியாது. எண்களுக்குப் பதிலாகப் பொதுக் கெழுக்களை வைத்து இதே படிகளைச் செய்தால் பாடநூலிலுள்ள சூத்திரம் அப்படியே வந்து நிற்கும். ஒரு முறையேனும் அதைச் சொந்தமாகச் செய்து பாருங்கள்.

இருபடிச் சமன்பாட்டில் ஒரு மூலம் காணாமல் போய்விடுகிறது. ஏன்?

க² = 5க என்ற சமன்பாட்டின் இருபுறமும் 'க'வால் வகுத்து க = 5 என்று எழுதினால், க = 0 என்ற மூலம் தொலைந்து போகும். பூச்சியமாக இருக்கக்கூடிய ஒன்றால் வகுக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே பக்கத்துக்குக் கொண்டுவந்து க(க − 5) = 0 என எழுதுவதே சரி.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. (க − 2)(க − 3) = 6 எனக் கொடுத்தால், க − 2 = 6 அல்லது க − 3 = 6 என்று சிலர் எழுதுகிறார்கள். முதலாவதன்படி க = 8 என்றால் பெருக்கற்பலன் 6 × 5 = 30 அல்லவா? இரு எண்களின் பெருக்கற்பலன் பூச்சியம் எனில் அவற்றுள் ஒன்றேனும் பூச்சியம் என்ற பண்பு பூச்சியத்துக்கு மட்டுமே உரியது. 6-க்கு அது பொருந்தாது. விரித்து எழுதினால் க² − 5க = 0, ஆகவே மூலங்கள் 0, 5.

வடிவியல் தேற்றங்களின் நிரூபணத்தை மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டுமா?

நிரூபணத்தின் திருப்புமுனை எது என்று தெரிந்துகொண்டால் மற்ற வரிகள் தாமாகவே வந்துவிடும். முக்கோணத்தின் ஒரு பக்கத்துக்கு இணையாக வரைந்த கோடு மற்ற இரு பக்கங்களையும் ஒரே விகிதத்தில் பிரிக்கும் என்பது தேல்ஸ் தேற்றம். அதில் திருப்புமுனை, இணைகோடு வரைந்ததால் மேலே உருவான சிறிய முக்கோணமும் முழு முக்கோணமும் வடிவொத்தவை என்பதுதான். இணைகோடுகளால் ஒத்த கோணங்கள் சமமாகின்றன. உச்சிக் கோணம் இரண்டுக்கும் பொது. அங்கிருந்து பக்கங்களின் விகிதத்தை எழுதினால் போதும். பாடநூலில் உள்ளபடி தரவு, நிரூபிக்க வேண்டியது, அமைப்பு, நிரூபணம் என்ற வரிசையில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே காரணத்தைக் குறிப்பிடுங்கள். காரணம் இல்லாத வரி நிரூபணத்தில் ஒரு வெறும் கூற்றாகவே நிற்கும்.

தேல்ஸ் தேற்றத்தைச் சரியாகத்தான் பயன்படுத்துகிறேன். விடை மட்டும் தவறாக வருகிறது.

பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறு நடக்கிறது. ஒரு முக்கோணத்தின் இடப்பக்கத்தை ஓர் இணைகோடு மேலே 4 செ.மீ., கீழே 6 செ.மீ. எனப் பிரிக்கிறது, அடிப்பக்கத்தின் நீளம் 15 செ.மீ. அந்த இணைகோட்டின் நீளம் எவ்வளவு? 4/6 என்ற விகிதத்தை அப்படியே அடிப்பக்கத்தோடு பொருத்தி 10 செ.மீ. என்று எழுதுபவர்கள் பலர். தேல்ஸ் தேற்றம் சொல்வது இடப்பக்கத் துண்டுகளின் விகிதமும் வலப்பக்கத் துண்டுகளின் விகிதமும் சமம் என்பதை மட்டுமே. இணைகோட்டின் நீளத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. நீளம் வேண்டுமானால் வடிவொத்த முக்கோணங்களுக்குத் திரும்பிச் செல்ல வேண்டும்: சிறிய முக்கோணத்தின் இடப்பக்கம் 4, பெரிய முக்கோணத்தின் இடப்பக்கம் 4 + 6 = 10. ஆகவே இணைகோட்டின் நீளம் (4/10) × 15 = 6 செ.மீ.

துண்டோடு துண்டை ஒப்பிடுகிறோமா, துண்டோடு முழுப் பக்கத்தை ஒப்பிடுகிறோமா என்பதைப் படத்தில் விரல் வைத்துப் பார்த்த பிறகு விகிதத்தை எழுதுங்கள். இரண்டு முக்கோணங்களையும் தனித்தனியே வரைந்துகொள்வது இன்னும் நல்லது.

வடிவொத்த முக்கோணங்களின் பக்க விகிதம் 2 : 3 எனில் பரப்பளவு விகிதமும் 2 : 3 தானே?

இல்லை, 4 : 9. அடிப்பக்கமும் உயரமும் அதே விகிதத்தில் மாறுவதால் பரப்பளவு விகிதம் பக்க விகிதத்தின் வர்க்கமாகிறது. சுற்றளவு விகிதம் மட்டும் 2 : 3 ஆகவே இருக்கும்.

வர்க்கமூலமே இல்லாமல் கர்ணம் காணும் 'போதையனார் விதி' என்று கைபேசியில் ஒரு செய்தி பரவுகிறது. தேர்வில் அதைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தக் கூடாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். அதில் நல்ல கணிதம் இருக்கிறது.

செங்கோண முக்கோணத்தில் செங்கோணத்தை அடக்கிய இரு பக்கங்களில் பெரியதை எட்டுக் கூறாக்கி, ஒரு கூறை விட்டுவிட்டு, மீதமுள்ள ஏழு கூறுகளோடு சிறிய பக்கத்தின் பாதியைச் சேர்த்தால் கர்ணம் கிடைக்கும் என்பது அந்த விதி. பக்கங்கள் 4, 3 எனில் 3.5 + 1.5 = 5; சரி. 12, 5 எனில் 10.5 + 2.5 = 13; இதுவும் சரி. செய்தியில் இந்த இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பார்த்ததும் நம்பிக்கை வந்துவிடுகிறது. ஆனால் 15, 8 என்ற பக்கங்களுக்குக் கர்ணம் 17. விதி தருவதோ 13.125 + 4 = 17.125. பக்கங்கள் 24, 7 எனில் கர்ணம் 25, விதி 24.5 என்கிறது.

எந்த முக்கோணங்களுக்கு இந்த விதி துல்லியமாகப் பொருந்தும் என்பதை நாமே கண்டுபிடித்துவிடலாம். பெரிய பக்கத்தை 1 அலகு, சிறிய பக்கத்தை க அலகு எனக் கொள்வோம். விதி உண்மையாக இருக்க வேண்டுமானால்

7/8 + க/2 = √(1 + க²).

இருபுறமும் வர்க்கப்படுத்தி 64 ஆல் பெருக்கினால் 49 + 56க + 16க² = 64 + 64க², அதாவது 48க² − 56க + 15 = 0. தன்மைகாட்டி 3136 − 2880 = 256; அதன் வர்க்கமூலம் 16. எனவே க = 72/96 = 3/4 அல்லது க = 40/96 = 5/12. பக்கங்கள் 4 : 3 அல்லது 12 : 5 என்ற விகிதத்தில் இருக்கும்போது மட்டுமே விதி துல்லியமானது, வேறு எந்த விகிதத்துக்கும் அல்ல என்பது இதனால் உறுதியாகிறது. பரவும் செய்தியில் அந்த இரண்டு எடுத்துக்காட்டுகளும் அவற்றின் மடங்குகளும் மட்டுமே சரியாக வருவதற்குக் காரணம் இதுதான். கையால் தோராயமாக அளக்கும் வேலைக்கு உதவக்கூடிய அழகான விதி இது; அதைத் தோராய விதி என்றே சொல்லிக் கொடுப்பதுதான் அதற்கும் கணிதத்துக்கும் நாம் செய்யும் மரியாதை.

செய்முறை வடிவியலில் தொடுகோடு வரையும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

வினாவில் கொடுத்திருப்பது ஆரமா விட்டமா என்பதை முதலில் பாருங்கள். 5 செ.மீ. விட்டமுள்ள வட்டத்துக்கு, மையத்திலிருந்து 6.5 செ.மீ. தொலைவிலுள்ள புள்ளியிலிருந்து தொடுகோடுகள் வரையச் சொன்னால், கவராயத்தில் எடுக்க வேண்டியது 2.5 செ.மீ. உதவிப்படம் வரைந்து அளவுகளைக் குறித்த பிறகே உண்மைப் படத்தைத் தொடங்குங்கள்.

மையத்தையும் வெளிப்புள்ளியையும் இணைத்து, அந்தக் கோட்டுத்துண்டுக்கு மையக்குத்துக்கோடு வரைந்து, நடுப்புள்ளியை மையமாகக் கொண்டு இன்னொரு வட்டம் வரைகிறோம். இந்த இரண்டாவது வட்டம் எதற்கு? மையத்தையும் வெளிப்புள்ளியையும் இணைக்கும் கோடு அதற்கு விட்டமாகிறது. அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம். ஆகவே இரு வட்டங்களும் வெட்டும் இடத்தில் ஆரமும் நாம் வரையும் கோடும் செங்குத்தாகச் சந்திக்கின்றன. தொடுகோட்டுக்கு இருக்க வேண்டிய பண்பும் அதுதானே. கடைசியில் சரிபார்த்தல்: √(6.5² − 2.5²) = √36 = 6 செ.மீ. அளவுகோல் 5.9 அல்லது 6.1 காட்டினால் அஞ்ச வேண்டியதில்லை, 5 செ.மீ. காட்டினால் எங்கோ பிழை நேர்ந்திருக்கிறது.

இருபடிச் சமன்பாட்டின் வரைபடம் கோணலாக வருகிறது.

அட்டவணையில் குறை எண்ணின் வர்க்கத்தைக் குறை எண்ணாக எழுதியிருப்பதே பெரும்பாலும் காரணம். (−3)² என்பது 9. பரவளையம் சமச்சீரானது என்பதால், சமச்சீர் அச்சின் இருபுறமும் சம தொலைவில் உள்ள மதிப்புகள் ஒன்றாக இருக்க வேண்டும். அட்டவணையிலேயே இதைச் சோதித்துவிடலாம். புள்ளிகளை அளவுகோலால் இணைக்காமல் கையால் வளைவாக இணைக்க வேண்டும்.

சராசரி, இடைநிலை அளவு, முகடு: எதை எப்போது பயன்படுத்துவது?

ஒரு சிறு நிறுவனத்தில் ஐந்து பேரின் மாதச் சம்பளம் முறையே 12,000, 12,000, 13,000, 15,000, 98,000 ரூபாய் என்று கொள்வோம். கூடுதல் 1,50,000, கூட்டுச் சராசரி 30,000. ஐந்தில் நான்கு பேர் அதில் பாதியோ அதற்கும் குறைவாகவோதான் வாங்குகிறார்கள்! வரிசையின் நடுவில் நிற்கும் இடைநிலை அளவான 13,000 அவர்களுடைய நிலையை உண்மைக்கு நெருக்கமாகச் சொல்கிறது. மிகப் பெரிய அல்லது மிகச் சிறிய மதிப்பு ஒன்றிரண்டு இருந்தால் சராசரி அந்தப் பக்கம் இழுக்கப்பட்டுவிடும். கடையில் எந்த அளவுக் காலணி அதிகம் விற்கிறது என்பது போன்ற கேள்விக்கு முகடுதான் விடை. இடைநிலை அளவைக் காணும் முன் தரவை ஏறுவரிசையில் எழுத மறந்துவிடாதீர்கள்.

திட்ட விலக்கத்தில் விலக்கங்களை ஏன் வர்க்கப்படுத்துகிறோம்?

வர்க்கப்படுத்தாமல் கூட்டினால், எந்தத் தரவாக இருந்தாலும், விடை பூச்சியமாகிவிடும். 46, 48, 50, 52, 54 என்ற மதிப்பெண்களின் சராசரி 50. விலக்கங்கள் −4, −2, 0, 2, 4. கூட்டினால் பூச்சியம். வர்க்கங்களின் கூடுதல் 16 + 4 + 0 + 4 + 16 = 40; ஐந்தால் வகுத்தால் விலக்க வர்க்கச் சராசரி 8; திட்ட விலக்கம் √8, ஏறத்தாழ 2.83. இப்போது 10, 30, 50, 70, 90 என்ற தரவைப் பாருங்கள். சராசரி அதே 50 தான். ஆனால் ஒவ்வொரு விலக்கமும் முன்னதைப் போலப் பத்து மடங்கு. திட்ட விலக்கமும் பத்து மடங்காகி 28.3 ஆகிறது. சராசரி மறைத்துவிட்ட வேறுபாட்டைத் திட்ட விலக்கம் வெளிக்கொண்டு வருகிறது.

எல்லோருக்கும் 5 மதிப்பெண் கூட்டிக் கொடுத்தால் திட்ட விலக்கம் எவ்வளவு மாறும் என்பது ஒரு மதிப்பெண் வினாக்களில் விரும்பிக் கேட்கப்படுவது. மாறவே மாறாது, சராசரியும் 5 கூடிவிடுவதால் விலக்கங்கள் அப்படியே இருக்கின்றன.

நான் கையால் போட்ட விடை 2.83. எக்செல் 3.16 என்கிறது. எது சரி?

இரண்டும் அவற்றுக்குரிய இடத்தில் சரி. பாடநூலில் கொடுக்கப்பட்ட தரவு முழுவதையும் ஒரு முழுத் தொகுதியாகக் கொண்டு, எண்ணிக்கையான 5 ஆல் வகுக்கிறோம். நீங்கள் பயன்படுத்திய எக்செல் சார்பு, தரவை ஒரு பெரிய தொகுதியிலிருந்து எடுத்த மாதிரியாகக் கருதி, ஒன்று குறைத்து 4 ஆல் வகுக்கிறது: √(40/4) = √10, ஏறத்தாழ 3.16. முழுத் தொகுதிக்கான சார்பும் எக்செல்லில் தனியாக உண்டு. பத்தாம் வகுப்புத் தேர்வில் எண்ணிக்கையால் மட்டுமே வகுக்க வேண்டும்.

திட்ட விலக்கம் இருக்கும்போது மாறுபாட்டுக் கெழு எதற்கு?

ஒரு வகுப்பில் உயரங்களின் சராசரி 150 செ.மீ., திட்ட விலக்கம் 6 செ.மீ.; எடைகளின் சராசரி 40 கி.கி., திட்ட விலக்கம் 4 கி.கி. எனில், எதில் மாற்றம் அதிகம்? சென்டிமீட்டரையும் கிலோகிராமையும் நேரடியாக ஒப்பிட முடியாது. திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து 100 ஆல் பெருக்கினால் உயரத்துக்கு 4 சதவீதம், எடைக்கு 10 சதவீதம். எடையில்தான் மாற்றம் அதிகம்.

இரண்டு பகடைகளை உருட்டினால் கூடுதல் 2 முதல் 12 வரை 11 விதமாக வரலாம். அப்படியானால் 7 வருவதற்கான நிகழ்தகவு 1/11 தானே?

அந்த 11 விளைவுகளும் சம வாய்ப்புள்ளவை அல்ல. கூடுதல் 2 வர (1, 1) என்ற ஒரே வழிதான். 7 வர (1, 6), (2, 5), (3, 4), (4, 3), (5, 2), (6, 1) என ஆறு வழிகள். சம வாய்ப்புள்ளவை 36 சோடிகளே. எனவே விடை 6/36, அதாவது 1/6. கூறுவெளியை, அதாவது வரக்கூடிய எல்லா விளைவுகளின் பட்டியலை, முழுமையாக எழுதிவிட்டு எண்ணத் தொடங்கினால் இந்தத் தவறு நேராது.

'அல்லது' என்ற சொல் வினாவில் வந்தால், இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் பொதுவானதை இருமுறை எண்ணிவிடாமல் பாருங்கள். 52 சீட்டுகளில் ஓர் இராசாவோ ஹார்ட்டோ கிடைப்பதற்கு 4 + 13 என்று கூட்டும்போது ஹார்ட் இராசா இருமுறை சேர்ந்துவிடுகிறது; 4 + 13 − 1 = 16, விடை 16/52 = 4/13.

வினாவைப் படமெடுத்தால் தீர்வு காட்டும் செயலிகளைப் பிள்ளைகள் பயன்படுத்தலாமா?

பிள்ளை தானாக முயன்று முடித்த பிறகு, சரிபார்க்கப் பயன்படுத்தலாம். செயலியின் தீர்வை முதலில் பார்த்துவிட்டால், அடுத்த வரி ஏன் அப்படி வந்தது என்று யோசிக்கும் வாய்ப்பு போய்விடும். கணக்கு தெரியாத பெற்றோரும் இதில் உதவ முடியும்: தீர்வின் ஏதேனும் ஒரு வரியைச் சுட்டி, "இது எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். பிள்ளை தயங்கும் வரி எதுவோ, மறுநாள் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய வரி அதுதான். நோட்டில் அதன் அருகே பென்சிலால் ஒரு குறியிட்டு வைத்துவிடுங்கள்.